பேனும் விளையாட்டும்: அணியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்றப் பிள்ளைகளை எப்படிக் காப்பது?

நெற்போல்_அம்மா (கோண்டாவில்)

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 13 வயது, பாடசாலை நெற்போல் (வலைப்பந்து) அணியில் விளையாடுகிறாள். இலங்கை நெற்போல் வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் ஆட்டத்தை யூரியூப்பில் பார்த்துப் பார்த்தே பந்து பிடிக்கப் பழகினவள். வலயமட்டத்தில் வென்றுவிட்டார்கள், அடுத்தது மாகாணமட்டம். அதற்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்த கையோடு, அணியில் ஒரு பிள்ளையின் தலையில் பேன் இருப்பதாகப் பொறுப்பான ஒருவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்லிவிட்டார். பெயரோடு. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு மைதானப் பக்கம் வரவில்லை. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இப்போது ஒரே சண்டை. ஒருவர் அந்தப் பிள்ளையை அணியிலிருந்து நிறுத்தச் சொல்கிறார். இன்னொருவர் பிப் எல்லாவற்றையும் டெற்றோலில் ஊறவைக்கச் சொல்கிறார். (ஜி.எஸ்., ஜி.கே. என்று எழுத்துப் போட்டு மேலே மாட்டுகிற சட்டை. எங்களிடம் ஒரு செற்தான் உண்டு, எல்லோரும் மாறி மாறிப் போடுவார்கள்.)

மகளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. வெட்டிவிடு என்று மாமி சொல்கிறா, மகள் அழுகிறாள். தலையைப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவள் சொறியவும் இல்லை. விளையாடுவதால் பேன் பரவுமா? பயிற்சிக்கு அனுப்பலாமா? முன்கூட்டியே ஏதாவது மருந்து போட்டுவிடலாமா?


எள்ளுப்பாகு

அணி முழுக்க மொட்டை. நல்லூர்த் திருவிழாவும் வருகிறது, நேர்த்தி என்று சொல்லிவிடலாம்.


பழைய_கோல்கீப்பர்

தம்பி, பகிடி நல்லாத்தான் இருக்கிறது. அழுகிற பிள்ளைக்கு முன்னால் போய்ச் சொல்லிப் பாரும். அக்கா, சுன்னாகத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிற தம்பி ஒருவர் இரவில் இங்கே எட்டிப் பார்ப்பார். அவர் வரும்வரை பொறுங்கோ, முடியில் கை வைக்காதீங்கோ.


மருந்துக்கடைத்_தம்பி (சுன்னாகம்)

கடை பூட்டிவிட்டு வந்து எழுதுகிறேன் அக்கா, கொஞ்சம் நீளும்.

பேன் பாயாது, பறக்காது. வளர்ந்த பேன் 2 முதல் 3 மில்லிமீற்றர், ஒரு எள்ளு அளவு. ஆறு காலிலும் முடியைப் பற்றிப் பிடிக்கிற கொக்கி உண்டு. அந்தக் கொக்கி முடிக்கென்றே அமைந்தது. முடியில் நிமிடத்துக்கு 23 சென்ரிமீற்றர் வரை ஓடும், தரையிலோ மேசையிலோ விட்டால் தடுமாறும். ஆகவே அது ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பேருடைய முடியும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். முடிகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, மெதுவாக அசைகிறபோதுதான் சுகமாக மாறிப் பிடிக்கிறது என்று ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள்.

இப்போது நெற்போலை யோசியுங்கள். பந்து வைத்திருக்கிறவரிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் தடுக்கலாம் என்பது விதி. முட்டினால் நடுவர் விசில் ஊதிவிடுவார். ஆட்டத்துக்குள் தலையும் தலையும் ஒட்டி நிற்க எங்கே இடம்? மகளிடம் கேளுங்கள்: பயிற்சி முடிந்த பிறகு வேப்பமரத்தடியில் என்ன செய்கிறீர்கள்? பஸ்ஸில் எப்படி இருந்து போகிறீர்கள்? ஒரு போனை நாலு பேர் குனிந்து பார்ப்பது, ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் வைப்பது, செல்பி, தோளில் சாய்ந்து நித்திரை கொள்வது, ஒருவருக்கு ஒருவர் பின்னி விடுவது. பேனுக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

சொறியவில்லை என்று சொன்னீர்கள். அதை நம்ப வேண்டாம். கடி, அதாவது அரிப்பு, வருவது பேனின் எச்சிலுக்கு உடம்பு காட்டுகிற ஒவ்வாமையால். முதல் தடவை பேன் பிடித்த பிள்ளைக்கு அந்தக் கடி தொடங்க 4 முதல் 6 கிழமைகூட ஆகலாம். அணியில் வெள்ளிக்கிழமை கண்டுபிடித்த அந்தப் பிள்ளைக்கும் பேன் அன்றைக்கு வந்திருக்காது, ஒரு மாதமாகவே இருந்திருக்கக்கூடும். அந்த மாதம் முழுக்க எல்லோரும் ஒன்றாகத்தான் பயிற்சி செய்தார்கள். இப்போது அவளை மட்டும் நிறுத்தி என்ன பயன்?

முன்கூட்டியே மருந்து வேண்டாம். பேன் இல்லாத தலைக்குப் பேன் மருந்து போடக்கூடாது. அது வராமல் தடுக்காது, தேவையில்லாமல் தோலை எரிக்கும்.


கண்டிப்பான_அப்பா

தம்பி சொல்வது விஞ்ஞானம். நடைமுறை வேறு. என் பிள்ளையும் ஒரு அணியில் இருக்கிறாள். பேன் இருக்கிற பிள்ளை ஒரு கிழமை வீட்டில் நின்றால் என்ன குறைந்துவிடும்? ஈர் ஒன்றுகூட இல்லை என்று காட்டிய பிறகு வரட்டும். மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிமை இருக்கிறது.


மருந்துக்கடைத்_தம்பி (சுன்னாகம்)

அண்ணா, ஈர் ஒன்றும் இருக்கக்கூடாது என்ற அந்த நிபந்தனையைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கைவிடச் சொல்கிறது. காரணம் சொல்கிறேன். பேன் ஈரைத் தலைத்தோலுக்கு மிகக் கிட்ட, சில மில்லிமீற்றருக்குள் ஒட்டுகிறது. குஞ்சு பொரிக்கிற சூடு அங்கேதான் கிடைக்கும். 7 முதல் 10 நாளில் பொரித்துவிடும். வெறும் கோது முடியிலேயே ஒட்டியிருந்து, முடி வளர வளரக் கீழே இறங்கி வரும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளரும். ஆகவே தோலிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கும் அப்பால் வெள்ளையாகத் தெரிகிற ஈர் பெரும்பாலும் வெறும் கோது. அதைக் காரணம் காட்டிப் பிள்ளையை நிறுத்தினால், சுகமான பிள்ளையைத்தான் நிறுத்துகிறீர்கள். தலையில் நடமாடுகிற பேன் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு.


ஓய்வு_மாஸ்ரர்

நான் முப்பது வருடத்துக்கு மேல் உடற்கல்வி படிப்பித்தவன். கண்டிப்பான அப்பாவுக்கு மரியாதையோடு ஒன்று. நிறுத்துவேன் என்று சொன்ன அடுத்த நாளே எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. வீட்டில் தாய்க்கும் சொல்லாது, அணிக்கும் சொல்லாது, தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். பிறகு அணி முழுக்கப் பரவிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். பேனைவிட ஒளிப்புத்தான் பொல்லாதது.

அணிக்கு உண்மையில் ஆபத்தான இடம் மாகாணமட்டம், தேசியமட்டம் என்று வெளியில் போய்த் தங்குகிற இரவுகள். எங்கள் பிள்ளைகளுக்கு ஹோட்டலா போட்டுக் கொடுக்கிறார்கள்? ஏதாவது ஒரு பாடசாலையின் வகுப்பறையில் வாங்கு மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயை விரிப்பார்கள். பதினைந்து பிள்ளைகள் ஒரு வரிசையில், எல்லாத் தலையும் ஒரே பக்கம். மின்விசிறி ஒன்றுதான் என்றால் அதற்குக் கீழே இன்னும் நெருக்கம். இரவு பதினொரு மணிவரை கதை. விடிய எழும்பியதும் விறாந்தைப் படியில் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக இருந்து பின்னல். ஒரே சீப்பு முதலாம் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை போகும்.

நான் செய்தது இவ்வளவுதான். படுக்கும்போது ஒருவரின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் அடுத்தவரின் கால்மாடு வரும்படி மாறி மாறிப் படுக்கச் சொல்வேன். முதல் நாள் சிரிப்பார்கள், "சேர், காலை மணக்கச் சொல்றீங்களோ" என்று கேட்பார்கள். பிறகு பழகிவிடும். தலையணைக்குப் பதிலாக அவரவர் பை, அவரவர் விரிப்பு, அவரவர் சீப்பு. சீப்பு இல்லாத பிள்ளைக்கு நானே வாங்கிக் கொடுப்பேன், அது ஒன்றும் பெரிய காசில்லை. பின்னுகிறவரும் பின்னப்படுகிறவரும் தலை ஒட்டுவதில்லை, சீப்புத்தான் ஊர் சுற்றுகிறது. ஆளுக்கொரு சீப்பு இருந்தால் பின்னிவிடட்டும், அதைத் தடுக்கத் தேவையில்லை. விளையாட்டுப் பிள்ளைகளுக்குள் அந்த நெருக்கம் வேண்டும்.

அடுத்தது, புறப்படுவதற்கு முதல்நாள் தலை பார்ப்பது. எல்லாப் பிள்ளைக்கும், அணித்தலைவி உட்பட, அவரவர் வீட்டில், அவரவர் தாய் பார்க்க வேண்டும். பாடசாலையில் வரிசையில் நிறுத்திப் பார்க்கிற வேலை வேண்டாம்.


சடுகுடு_ராசன்

நெற்போலில் முட்டக்கூடாது, சரி. எங்கள் கபடியில் முட்டாமல் என்ன செய்வது? ஏறி வருகிறவனை ஏழு பேரும் அமுக்கிப் பிடித்தால் தலைக்கு மேல் தலை, கழுத்துக்குள் தலை. மல்யுத்தம் செய்கிற பெடியன்களும் இதே கதைதான். நாங்கள் என்ன செய்ய வேண்டும் தம்பி?


மருந்துக்கடைத்_தம்பி (சுன்னாகம்)

ராசன் அண்ணா, கபடி, மல்யுத்தம், ரக்பி ஸ்க்ரம் இந்த மூன்றிலும் ஆட்டத்துக்குள்ளேயே தலை ஒட்டுகிறது என்பது உண்மை. ஆனாலும் கபடியில் பிடி சில விநாடிதான். பொதுவாகப் பெண்பிள்ளைகளிடம்தான் பேனை அதிகமாகக் காண்கிறோம், தலையோடு தலை ஒட்டி இருப்பது அவர்களிடம் கூட என்பதால். உங்கள் அணியில் இப்போது ஸ்ரைல் என்று நீளமுடி வளர்க்கிற பெடியன்கள் இருந்தால் அவர்கள் பயிற்சியில் இறுக்கிக் கட்டட்டும். பெண்கள் கபடி அணிக்கு இது இன்னும் முக்கியம்: இரட்டைப் பின்னலைத் தொங்கவிடாமல் மடித்துக் கட்ட வேண்டும், அல்லது கொண்டை. தொங்குகிற பின்னல் அடுத்தவர் முகத்தில் அடிக்கிறது, பிடிபட்டு இழுபடுகிறது, ஆட்டத்துக்கே கூடாது.

கபடி மெத்தையைக் கிருமிநாசினி போட்டுத் துடைப்பது நல்ல பழக்கம், விடாதீர்கள். அது படர்தாமரைக்கும் தோல் புண்ணுக்கும் உதவும். பேனுக்காக என்று நினைத்துச் செய்ய வேண்டியதில்லை.


வலிகாமம்_வாசி

இவ்வளவு கதை எதற்கு? எங்கள் ஆச்சி காலத்தில் மண்ணெண்ணெய் பூசித் துணியால் கட்டிவிடுவார்கள். அன்னமுன்னா விதையை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டால் ஒரு பேன் மிஞ்சாது. கர்ப்பூரமும் நல்லது. அதுவும் சரிவராவிட்டால் வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்தில் ஒரு துளி.


வார்ட்_அக்கா

ஐயோ, கடைசி வரியை வாசித்துவிட்டு உடனே எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். வயலுக்கு, தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து தலைத்தோல் வழியாக உள்ளே போகும். பேன் கடித்துச் சொறிந்த தலையில் சின்னச் சின்னக் காயம் இருக்கும், இன்னும் வேகமாகப் போகும். வாந்தி, வாயில் நுரை, கண்மணி சுருங்குவது, மூச்சு முட்டுவது. தோட்டத்தில் மருந்தடித்து மயங்கி வருகிறவர்களைப் பார்த்த எவருக்கும் இது புதிதில்லை. மலத்தியன் என்ற பெயரில் பேனுக்கு ஒரு தலைமருந்தும் இருக்கிறது, அது 0.5 வீதம், தலைக்கென்றே தயாரித்தது. தோட்டத்துப் போத்தலில் இருப்பது அதைவிடப் பல மடங்கு செறிவு. பெயர் ஒன்றாக இருக்கிறது என்று அதை எடுக்கக்கூடாது.

அன்னமுன்னா விதை பேனைக் கொல்லும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அரைப்பு வழிந்து கண்ணுக்குள் போனால் கருவிழி புண்ணாகிவிடும். தலைக்குப் போட்டுவிட்டுக் கண் திறக்க முடியாமல் வருகிற ஆட்கள் இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறார்கள். வியர்த்துக்கொண்டு விளையாடுகிற பிள்ளையின் தலையில் அதன் மிச்சம் இருந்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். கர்ப்பூரம் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். மண்ணெண்ணெய்க்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை, குசினியில் அடுப்பு எரிகிறது.

எண்ணெய் வைக்க ஆசையென்றால் வெறும் தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் வையுங்கள். பேனைத் தடுக்கும் என்று அல்ல, சீப்பு சுகமாக ஓடும்.


வலிகாமம்_வாசி

சரி தங்கச்சி, மருந்துப் போத்தலை விட்டுவிடுகிறேன். அன்னமுன்னாவுக்கு நான் இன்னும் ஆதரவுதான்.


எள்ளுப்பாகு

ஐயாவின் வாக்கு அன்னமுன்னாக் கட்சிக்கு. குறித்துக்கொண்டோம்.


மிடில்_ஸ்ரம்ப்

என் பக்கத்துக் கேள்வி. மகன் கிரிக்கெற். பாடசாலை அணியில் ஹெல்மெற் நாலுதான் இருக்கிறது. ஆட்டமிழந்து வருகிறவன் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுப்பான், உள்ளே வியர்வை சொட்டும். வடக்கின் பெரும் போர் என்கிற பெரிய பாடசாலைகளின் வருடாந்தக் கிரிக்கெற் போன்ற ஆட்டங்களில் நிற்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று இருக்கலாம், எங்களைப் போன்ற சின்னப் பாடசாலைகளுக்கு ஏது? மனைவி இந்த இழையை வாசித்துவிட்டு, ஹெல்மெற் போடாமல் விளையாடு என்று மகனுக்குச் சொல்லிவிட்டா. எனக்குத் தலையிடி.


மருந்துக்கடைத்_தம்பி (சுன்னாகம்)

அண்ணிக்குச் சொல்லுங்கள்: பேன் சொறிய வைக்கும், பந்து மண்டையை உடைக்கும். ஹெல்மெற் கட்டாயம் போட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பாடசாலைப் பிள்ளைகளின் தொப்பிகளை ஆயிரம் அளவில் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் தலைகளில் பேன் ஆயிரக்கணக்கில் இருந்தது, தொப்பிகளில் ஒன்றுமில்லை. நல்ல சுகமாக இருக்கிற பேன் சூடான தலையை விட்டுத் தானாக இறங்கிப் போவதில்லை. இரத்தம் இல்லாமல் ஓரிரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கவும் முடியாது. அதனால் ஹெல்மெற், தொப்பி, பிப் வழியாகப் பரவுவது நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை, மிகவும் குறைவு.

செய்யக்கூடியது: ஆளுக்கொரு மெல்லிய பருத்தித் தொப்பி அல்லது கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு அதற்கு மேல் ஹெல்மெற். வியர்வைக்கும் நல்லது. மாற்றும்போது உள்ளே ஒரு துணியால் துடைக்கட்டும். ஆட்டம் முடிய வெயிலில் காயவிடுங்கள், யாழ்ப்பாணத்தில் அதற்காவது பஞ்சமில்லை. நுளம்பு மருந்து, கரப்பான் மருந்து ஒன்றையும் ஹெல்மெற்றுக்குள் விசிறாதீர்கள். அது அடுத்த பிள்ளையின் நெற்றியிலும் கண்ணிலும்தான் வடியும்.

நெற்போல் அக்காவுக்கும் இதே பதில். பிப்பை வழக்கம்போல் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து வெயிலில் போட்டால் போதும், டெற்றோல் தேவையில்லை. துவாய் மட்டும் பகிர வேண்டாம்.


கீரிமலைக்_காற்று

நீச்சலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. கீரிமலைக் கேணியில் முழுகினால் பேன் செத்துவிடும் என்று எங்கள் வீட்டில் நம்புகிறார்கள். கசூரினாக் கடற்கரையில் உப்புத் தண்ணீரில் குளித்தாலும் போய்விடுமாம். நீச்சல் தடாகத்துக் குளோரீன் இன்னும் நல்லதாம்.


வார்ட்_அக்கா

மூன்றுமே இல்லை. தண்ணீருக்குள் போனதும் பேன் முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். மணிக்கணக்கில் அப்படியே தாக்குப்பிடிக்கும். தடாகத்தில் போடுகிற அளவுக் குளோரீனும் அதைக் கொல்லாது. நல்ல செய்தி என்னவென்றால், பிடியை விடாதபடியால் அது தண்ணீரில் மிதந்து போய் மற்றவரின் தலையில் ஏறுவதும் இல்லை. நீந்துகிறவர்களுக்கு ஆபத்து கரையில் இருக்கிறது: ஒரே துவாய், ஒரே சீப்பு, ஈரத்தலையோடு நெருங்கி நின்று படம் எடுப்பது.

இன்னொன்று. பேன் மருந்து போட்டால் அடுத்த ஓரிரு நாள் நீந்த வேண்டாம், சில மருந்துகளின் வேலை குறைந்துவிடும்.


நெற்போல்_அம்மா (கோண்டாவில்)

எல்லோருக்கும் நன்றி. மகளைக் கேட்டேன். தம்பி சொன்னது அப்படியே. பஸ்ஸில் அவளும் அந்தப் பிள்ளையும்தான் பக்கத்தில் இருந்து போகிறவர்களாம், ஒரு இயர்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு. இதைக் கேட்டதும் மாமி கத்தரிக்கோலை எடுத்துவிட்டா! இன்றைக்கு நல்ல வெளிச்சத்தில் திரும்பப் பார்க்கப் போகிறேன். எப்படிப் பார்ப்பது சரி? பேன் இருந்தால் மாகாணமட்டத்துக்கு முன் முடியுமா?


லண்டன்_சித்தி

பிள்ளை, கத்தரிக்கோலை வாங்கி ஒளித்து வை. நான் இங்கே இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவள், ஒருத்தி ஜிம்னாஸ்ரிக்ஸ், ஒருத்தி புட்போல்.

காய்ந்த முடியைப் பிரித்துப் பார்த்தால் பேன் வெளிச்சத்தைக் கண்டு ஓடிவிடும், உன் கண்ணுக்குப் பிடிபடாது. தோய்ந்துவிட்டு, ஈர முடியில் கண்டிஷனரை நிறையப் பூசு. கஞ்சத்தனம் பார்க்காதே, வெள்ளையாகத் தெரிய வேண்டும். அப்போது பேன் அசைய முடியாமல் நின்றுவிடும். முதலில் பெரிய சீப்பால் சிக்கெடு. பிறகு பேன்சீப்பைத் தலைத்தோலில் முட்ட வைத்து நுனி வரைக்கும் ஒரே இழுவை. ஒவ்வொரு இழுவைக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார். காதுக்குப் பின்னால், பிடரியில், அங்கேதான் அதிகம். இடுப்பு வரை முடி என்றால் ஒரு மணித்தியாலம் போகும். ஒரு நாடகத்தைப் போட்டுவிட்டு இரு.

பேன் கண்டால், மருந்தில்லாமலே இதை 1, 5, 9, 13 ஆம் நாட்களில் செய்தால் போதும் என்பது இங்கத்தைய சுகாதார சேவை சொல்கிற முறை. 17 ஆம் நாள் ஒரு கடைசிப் பார்வை. ஈர் பொரித்து வருகிற குஞ்சுகளை அவை வளர்ந்து முட்டை வைக்குமுன் எடுத்துவிடுவதுதான் சூட்சுமம். பெமெத்ரின் என்ற பேன் மருந்தை இங்கே இப்போது பரிந்துரைப்பதில்லை, பேன் அதற்குப் பழகிவிட்டது. பேன் இருக்கிறதென்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறிக்கவும் மாட்டார்கள்.


மருந்துக்கடைத்_தம்பி (சுன்னாகம்)

சித்தி சொன்ன சீப்பு முறை முழுக்கச் சரி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு, சவர்க்காரமே நுரைக்காது, முடி கயிறாகிவிடும். கண்டிஷனர் இல்லாமல் பேன்சீப்பை இழுத்தால் பிள்ளை அடுத்த தடவை இருக்கமாட்டாள்.

பெமெத்ரின் பற்றி ஒரு சின்ன வேறுபாடு. பேன் அதற்கு எதிர்ப்புக் காட்டுவது பல நாடுகளில் பதிவானதுதான். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாவிக்கலாம், பலருக்கு வேலையும் செய்கிறது. வாங்கும்போது 1 வீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 5 வீதக் கிறீம் சொறிநோய்க்கானது. முதலில் ஷாம்பு மட்டும் போட்டுத் தோய்ந்து (அன்றைக்கு மட்டும் கண்டிஷனர் கூடாது, மருந்து முடியில் ஒட்டாது), துவாயால் ஒற்றி, மருந்தைப் பூசி 10 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். மருந்து ஈரை முழுக்கக் கொல்லாது, ஆகவே 9 ஆம் நாள் இரண்டாம் தடவை. பலர் இந்த இரண்டாம் தடவையை விட்டுவிட்டு, மருந்து சரியில்லை என்று கடைக்கு வந்து சண்டை பிடிப்பார்கள். மருந்து போட்டு எட்டுப் பன்னிரண்டு மணித்தியாலத்தின் பின்னும் பேன் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அது வேலை செய்யவில்லை. அதையே திரும்பத் திரும்பப் போடாமல் டொக்ரரிடம் கேட்டு வேறொன்றுக்கு மாறுங்கள்.

டைமெதிகோன் 4 வீதம் கிடைத்தால் அது நல்ல தெரிவு. பேனைப் பூசி மூடிக் கொல்லுகிறது, நஞ்சில்லை, பேன் பழகிவிடுகிற கதையும் அதற்குப் பெரிதாக இல்லை. எட்டு மணித்தியாலம் விட்டுக் கழுவி, 7 நாளில் மறுபடியும். தலையில் இருக்கும்போது அடுப்புப் பக்கம், விளக்குப் பக்கம் போகக்கூடாது.

உங்கள் கணக்கு: இன்றைக்குப் பேன் கண்டு இன்றைக்கே தொடங்கினால் இரண்டாம் தடவை மாகாணமட்டத்துக்கு முன்னரே வந்துவிடும். பயணத்துக்கு முதல்நாள் ஒரு சீப்பு. தாராளமாகப் போகலாம். வீட்டில் எல்லோருடைய தலையையும் ஒரே நாளில் பாருங்கள், பேன் உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து. மாமியையும் பாருங்கள், கோபிக்க வேண்டாம்.


கண்டிப்பான_அப்பா

நேற்றிரவு மனைவி எங்கள் மகளுக்குச் சித்தி சொன்ன முறையில் சீவிப் பார்த்தா. இருக்கிறது.


எள்ளுப்பாகு

இந்த இடத்தில் நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.


ஓய்வு_மாஸ்ரர்

கண்டிப்பான அப்பா, மகளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். மருந்தோ சீப்போ தொடங்கிய பிறகு அவள் தாராளமாக விளையாடலாம். அணிக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் தனியாக ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அவர் யாரென்று பெயர் சொல்லாமல், எல்லாப் பெற்றோரும் இந்தக் கிழமை தலை பாருங்கள் என்று ஒரு செய்தி போட்டால் போதும்.

நெற்போல் பிள்ளை, உங்கள் அணியிலும் இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். வராமல் நிற்கிற அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போனார்களா?


நெற்போல்_அம்மா (கோண்டாவில்)

போனேன் மாஸ்ரர். மகளையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் போய்வந்தோம். (மகளின் தலையிலும் இருந்தது. சின்னனும் பெரிசுமாகத் துணியில் வந்தது. மாமியின் தலையிலும் இரண்டு. கத்தரிக்கோல் இப்போது லாச்சிக்குள் போய்விட்டது.)

அந்தப் பிள்ளையின் தாய் முதலில் வாசலிலேயே நின்று கதைத்தா. என் மகளுக்கும் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் உள்ளே வரச் சொன்னா. யார் யாருக்குக் கொடுத்தது என்ற கதையே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் தொடங்கியிருக்கிறோம், இரண்டாம் தடவையும் ஒரே நாள். நாளைக்குப் பயிற்சிக்கு ஒன்றாகப் போகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வெள்ளிக்கிழமை தோயும்போது பிள்ளைகளின் தலையைச் சீவிப் பாருங்கள் என்று மட்டும் போட்டேன். மூன்று தாய்மார் தனியாகச் செய்தி போட்டுச் சீப்பு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள்.


சடுகுடு_ராசன்

வெள்ளி நல்ல யோசனை. பெண்பிள்ளைகள் செவ்வாய் வெள்ளி, பெடியன்கள் புதன் சனி தோய்கிற வழக்கம் எப்படியும் இருக்கிறது. எங்கள் பெடியன்களுக்குச் சனி என்று சொல்லிவிட்டேன். நாலாவதாகக் கேட்கிறேன்: சீப்பு எங்கே?


மருந்துக்கடைத்_தம்பி (சுன்னாகம்)

பிளாஸ்ரிக் வேண்டாம், பல் வளைந்து ஈரை விட்டுவிடும். உலோகப் பல், நீளமானது, பல்லுக்குப் பல் இடைவெளி தெரியாத அளவு நெருக்கமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணம் ரவுனில் நவீன சந்தைப் பக்கத்துப் பான்சிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், மருந்துக்கடைகளிலும் கேட்கலாம். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். ஒவ்வொரு தலைக்குப் பிறகும் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு எடுங்கள்.